எழுந்தால் நிற்கும் பஸ்

அந்த ஊரில் கடைசியாக ஒரு கைக்குழந்தை வாய்விட்டு அழுதபோது, என்ன சத்தம் என்று புரியாமல் மூன்று வீட்டுக்காரர்கள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள். அவ்வளவு வயதான ஊர். பள்ளிக்கூடக் கட்டடத்தில் மூட்டுவலி ஆஸ்பத்திரி வந்துவிட்டது. விளையாட்டு மைதானத்தில் சக்கர நாற்காலிகளை நிறுத்தக் கோடு போட்டிருந்தார்கள். பொம்மைக் கடைக்காரர் வேறு வழியில்லாமல் கைத்தடி விற்க ஆரம்பித்து, சீக்கிரமே மாடி வீடு கட்டினார். கட்டி முடித்த பிறகு மாடி ஏற முட்டி ஒத்துழைக்காமல் கீழேயே படுத்துக்கொண்டார்.

இந்த ஊரைச் சுற்றி வரும் ஒரே பஸ்ஸை ஓட்டியவர் பஞ்சு. அது அவர் பேர் இல்லை. அவர் பிரேக் போட்டால் பஞ்சு மூட்டையில் சாய்ந்த மாதிரி இருக்கும் என்று பயணிகள் வைத்த பேர். குணமும் அப்படித்தான். வீட்டுப் பூனையைக்கூட வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி அவர் யாரையும் எதுவும் சொன்னதில்லை. கடைசி ஆள் ஏறி, இடம் பார்த்து உட்கார்ந்து, கைத்தடியை முட்டிகளுக்கு நடுவில் செருகி, மூக்குக்கண்ணாடி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, "ம்" என்று பெருமூச்சு விட்ட பிறகுதான் வண்டியை எடுப்பார்.

இதனால் வண்டி ஒரு சுற்று வருவதற்குள் பாதி நாள் போய்விடும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர்கள், போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் விட்டு, இறங்காமலே அதே வண்டியில் வீட்டுக்குத் திரும்பியது உண்டு. வருமானம் போகிறதே என்று டாக்டர்கள் மேலிடத்தில் புகார் செய்தார்கள்.

மேலிடம் யோசித்து, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடுகிற பஸ் ஒன்றை வாங்கி அனுப்பியது.

டிப்போ மேலாளர் பஞ்சுவின் மனைவிக்குத் தம்பி. வீட்டில் பஞ்சு அவரை மாப்ள என்பார். டிப்போவில் சார் என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தெருவில் எதைச் சொல்வது என்று தெரியாமல் இருமிவிட்டுப் போவார்.

"மாமா, இனிமே நீங்க ஓட்ட வேண்டாம்," என்றார் மேலாளர்.

"அப்ப யாரு ஓட்டுவா மாப்ள?"

"யாரும் ஓட்ட மாட்டாங்க. அதுவே ஓடும்."

"மேட்டுலயுமா?"

"சார்னு சொல்லுங்க. டிப்போவுல நிக்கிறோம்."

"மேட்டுலயுமா, சார்?"

மேட்டிலும் ஓடும் என்று சொல்லப்பட்டது. மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒரு நாள் வந்து, ஒரு முழுச் சுற்று ஏறிப் பார்ப்பார். வண்டி நேரத்துக்குச் சுற்றி வந்துவிட்டால், பஞ்சுவை உதிரிப் பாகக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள். வரவில்லை என்றால் புது வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பழைய வண்டியை எடுப்பார்கள். அதுவரை பஞ்சு புது வண்டியின் முன்சீட்டில் சும்மா உட்கார்ந்து வர வேண்டும். அவருக்கு முன்னால் ஸ்டியரிங் இல்லை. ஒரு சிவப்புப் பொத்தான் மட்டும் இருந்தது. அதையும் வண்டி தீப்பிடித்தால்தான் தொடலாம்.

கிடங்கு என்றால் ஜன்னல் இல்லாத அறை. பழைய டயர்களும் ஒரு ட்யூப்லைட்டும் குடியிருக்கும். முன்பு அங்கே வேலை பார்த்தவர், வெளியே மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ள, உள்ளே வருகிறவர்களின் தலையைத் தடவிப் பார்ப்பார். சுவர் அகலக் கண்ணாடி வழியாகவே ஆயுசு முழுக்க உலகத்தைப் பார்த்த பஞ்சுவுக்கு, அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

"டயர் கூடப் பேசிப் பழகிக்கோங்க. என் கூடப் பேசுறதுக்கு அது எவ்வளவோ மேல்னு நீங்களே சொல்லுவீங்க," என்று மனைவி ஆறுதல் சொன்னாள்.

புது வண்டியைச் செய்தவர்கள் இளவட்டங்கள். இரண்டு விஷயங்களை அதன் மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஸ்டாப்பில் கதவைத் திறந்து, பத்து எண்ணுவதற்குள் மூடிவிட வேண்டும். யாராவது எழுந்து நின்றால் வண்டி ஓடக் கூடாது; எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிட வேண்டும். இரண்டும் நல்ல விஷயங்கள்தான். சேர்ந்தபோதுதான் வினை வந்தது.

முதல் நாள் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் வண்டி நின்றது. கதவு திறந்தது. ஓய்வுபெற்ற பல் டாக்டர் இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி எழ ஆரம்பித்தார். பாதி எழுவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அவர் தொப்பென்று விழுந்தார். வண்டி, "ஆள் உட்கார்ந்தாயிற்று" என்று சந்தோஷமாகக் கிளம்பியது. அடுத்த ஸ்டாப்பில் தையல்காரர் முயற்சி செய்தார். அவருக்கு முக்கால்வாசிதான் முடிந்தது. அன்று முழுக்க ஒருவராலும் இறங்க முடியவில்லை. ஊரை வண்டி சுற்றிச் சுற்றி வந்தது. மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர்கள் மார்க்கெட்டைப் பல தடவை பார்த்தார்கள். வெளியே மருமகள்கள் சோற்று டப்பாவுடன் நின்று, கதவு திறக்கிற நேரம் பார்த்து உள்ளே வீசினார்கள்.

"தம்பி, ஏதாவது பண்ணுப்பா," என்றார் பல் டாக்டர்.

"தீப்பிடிச்சாத்தான் பண்ணலாம் டாக்டர்," என்றார் பஞ்சு. அவருக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. இந்த லட்சணத்தில் ஓடினால் பெரிய அதிகாரி வந்த வேகத்தில் வண்டியைத் திருப்பி அனுப்புவார்.

சாயங்காலம் கணக்கு டீச்சருக்குப் பொறுமை போனது. அந்த அம்மாள் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிவிட்டது. ஆனாலும் வயது எழுபத்தைந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்து, "அறிவிருக்கா உனக்கு?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

வண்டி சட்டென்று நின்றது. டீச்சர் உட்காராமல் முறைத்துக்கொண்டே இருந்தார். ஏதோ விபரீதம் என்று வண்டி பயந்து கதவையும் திறந்துவிட்டது. பார்த்தால், எதிரே டீச்சர் வீட்டு வாசல்! டீச்சர், சொல்லிவைத்து நிறுத்திய மாதிரி, ஒரு படி, அப்புறம் ஒரு படி என்று நிதானமாக இறங்கி உள்ளே போய்விட்டார்.

வண்டிக்குள் இருந்தவர்கள் கதவையும் டீச்சர் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு தையல்காரர் சொன்னார்: "ஸ்டாப்புல எழுந்தா இறங்க முடியாது. நடுவுல எழுந்தா எங்க வேணா இறங்கலாம்!"

மறுநாள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. மருந்துக்கடை வாசலில் ஒருவர் எழுவார், வண்டி நிற்கும். தம்பி வீட்டுக்கு நேராக ஒருவர் எழுவார், நிற்கும். எதிரே வருகிற சிநேகிதரிடம் ஜன்னல் வழியாக நாலு வார்த்தை பேச வேண்டும் என்றால் எழுந்தால் போதும். கோபித்துக்கொண்டு போன சம்பந்தி வீட்டு வாசலில் ஒரு பெரியவர் தினமும் எழுந்து நின்று, அவர்கள் எட்டிப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார். வாழ்நாளெல்லாம் முதலாளி, மனைவி, மகன், முட்டி என்று யார் சொன்னாலும் நின்று பழகியவர்களுக்கு, தாங்கள் நின்றதும் பத்து டன் வண்டி ஒன்று கைகட்டி நிற்பது சொர்க்கமாக இருந்தது. சிலர் வேலையே இல்லாமல் எழுந்தார்கள்.

பஞ்சுவுக்கு மனசு விட்டுப்போனது. "இத்தனை வருஷம் பூ மாதிரி ஓட்டினேனே. ஒருத்தர்கூட என்னைத் தேடலியா?"

"உன்னைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும் தம்பி," என்றார் தையல்காரர். "ஆனா நீ ஸ்டாப்புலதானே நிறுத்துவே? இது வாசல்ல நிறுத்துது."

"ஸ்டாப்புல நிறுத்துறதுதானே முறை?"

"முறையெல்லாம் முட்டி பாக்குமா?"

இது போதாது என்று அவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவும் எடுத்தார்கள். பெரிய அதிகாரி வருகிற அன்று ஒரு முழுச் சுற்றுக்கு ஒருவரும் எழக் கூடாது. பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி நேரத்துக்குப் போய்ச் சேரும், அதிகாரி தலையாட்டுவார், வண்டி ஊருக்கே சொந்தமாகிவிடும். அப்புறம் இஷ்டத்துக்கு எழலாம்.

"அப்ப நான்?" என்றார் பஞ்சு.

"உனக்கென்னப்பா, கிடங்குல நிழல்ல வேலை," என்றார் பல் டாக்டர். அவர் பல் பிடுங்குகிறபோதும் இப்படித்தான், வலிக்காது என்று சொல்லிவிட்டுப் பிடுங்குவார்.

அந்த நாள் வந்தது. மேலாளர் மடிப்புக் கலையாத சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி ஏறினார். அவரும் இளைஞர் இல்லை. ஓய்வுபெறப் போகிற வயது, உருண்ட உடம்பு, பணிவான மனுஷர். நடுச்சீட்டில் மேலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் பெரியவர்கள் மூச்சைக்கூட அளந்து விட்டார்கள். ஒருவர் தும்மலை முழுங்கியதில் காது அடைத்துக்கொண்டது.

வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. மார்க்கெட் போனது, ஆஸ்பத்திரி போனது, மேடும் போனது. "அருமை, அருமை!" என்றார் அதிகாரி. முன்சீட்டில் பஞ்சு கண்ணாடி வழியாகத் தெருவை ஆசை தீரப் பார்த்துக்கொண்டார். மரம், நாய், தபால் பெட்டி என்று எல்லாவற்றிடமும் தனித்தனியாக விடைபெற்றார். பெரிய நாற்சந்தி ஒன்றை மட்டும் தாண்டினால் டிப்போ.

நாற்சந்தியின் நட்ட நடுவில் அதிகாரி எதற்கோ பின்னால் திரும்பினார். பின்சீட்டில் கணக்கு டீச்சர்!

"டீச்சர்! என்னைத் தெரியலையா? கழித்தல் வராம கடைசி பெஞ்சுல உக்காந்திருப்பேனே!" அவர் பதறி எழுந்தார். பாடம் சொல்லிக்கொடுத்தவர் முன்னால் உட்கார்ந்திருப்பது எப்படி?

வண்டி நின்றது.

அதிகாரி எழுந்ததைப் பார்த்ததும், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவருக்குக் கால் தானாக எழுந்தது. மேலதிகாரி நிற்கும்போது அவர் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. குமாஸ்தா எழுந்ததும் தையல்காரர் எழுந்தார், பல் டாக்டர் எழுந்தார், பிறகு முழு வண்டியும் முட்டிகள் சடசடக்க எழுந்தது. எல்லாரும் நிற்க, தான் மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பதா என்று டீச்சரும் எழுந்துவிட்டார்.

"ஐயையோ, உக்காருங்க, நீங்கல்லாம் பெரியவங்க," என்றார் அதிகாரி.

"நீங்க உக்காந்தா உக்காருவோம்," என்றார் குமாஸ்தா.

"டீச்சர் நிக்கிறப்ப நான் எப்படி உக்காருவேன்?"

"ஊரே நிக்கிறப்ப நான் எப்படிடா உக்காருவேன்?" என்றார் டீச்சர்.

"எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்," என்று மேலாளர் கெஞ்சினார். ஒன்றாக உட்காரப் பார்த்தார்கள். பாதி வழியில் ஒவ்வொருவரும் மற்றவர் உட்கார்ந்துவிட்டாரா என்று ஓரக்கண்ணால் பார்த்து, இல்லை என்றதும் திரும்ப எழுந்தார்கள்.

"சரி, வயசுல மூத்தவங்க முதல்ல," என்றார் பல் டாக்டர்.

"எனக்கு எண்பத்து மூணு," என்றார் தையல்காரர். "ஆனா டீச்சர் எனக்கே பாடம் எடுத்திருக்காங்க."

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். "எனக்கு எழுபத்தஞ்சு," என்றார் டீச்சர். "சந்தேகம் இருந்தா யாராவது கழிச்சுப் பாருங்க." யாரும் கழிக்கத் துணியவில்லை.

அதற்குள் நாலு பக்கமும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. ஹாரன் காதைப் பிளந்தது. பேட்டரி நாற்காலியில் வந்த கூட்டம் நாற்சந்தியில் கடலாகத் தேங்கியது. சத்தம் போட வந்த போக்குவரத்துப் போலீஸ்காரர் திறந்த கதவு வழியாக ஏறி, அதிகாரியைப் பார்த்ததும் சல்யூட் அடித்து அப்படியே நின்றுவிட்டார். அவரைத் தேடி வந்த இன்னொரு போலீஸ்காரரும் நின்றார்.

"மாமா, ஏதாவது செய்யுங்க!" மேலாளருக்கு அழுகை வந்துவிட்டது. டிப்போவா வீடா என்பதே அவருக்கு மறந்துபோனது.

"தீப்பிடிக்கலையே, சார்," என்றார் பஞ்சு.

அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்தால் போதும். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இப்படியே நின்றால் புது வண்டி தோற்றது, கிடங்கு ஒழிந்தது, கண்ணாடி அவருக்கு. வாழ்க்கையில் முதல்முறையாகச் சும்மா இருந்தே ஜெயிக்கப் போகிறார். காலை நீட்டி உட்கார்ந்து, தபால் பெட்டியை மறுபடி ஒருமுறை பார்த்துச் சிரித்தார்.

புது வண்டிக்கு இன்னொரு மரியாதையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். கதவு திறந்தும் ஆட்கள் வெகுநேரம் இறங்காமல் நின்றால், படி உயரமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து, கதவுப் பக்கமாகத் தன் உடம்பைச் சாய்த்துத் தாழ்ந்து கொடுக்கும். இத்தனை பேர் இவ்வளவு மரியாதை காட்டுகிற இடத்தில் தான் மட்டும் சும்மா இருப்பதா என்று அதற்கும் தோன்றியிருக்க வேண்டும். புஸ் என்று காற்றை விட்டு ஒரு பக்கமாகக் குனிந்தது. யாரும் இறங்கவில்லை. போதாது போலிருக்கிறது என்று இன்னும் குனிந்தது.

உள்ளே நின்ற பெரியவர்கள் அலமாரியில் புத்தகம் சாய்கிற மாதிரி ஒருவர் மேல் ஒருவர் சாயத் தொடங்கினார்கள். சாய்ந்துகொண்டே, "நீங்க முதல்ல," "இல்ல, நீங்க முதல்ல," என்றார்கள். டீச்சரின் கைத்தடி வழுக்கியது.

பஞ்சு திரும்பிப் பார்த்தார். இத்தனை வருட ஓட்டத்தில் அவர் வண்டியில் ஒரு கிழவர் தடுமாறியதில்லை, ஒரு மாத்திரை டப்பா உருண்டதில்லை. அவர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. அப்படி ஒன்று அங்கே குடியிருந்தது அவருக்கே தெரியாது.

"உக்காருங்கய்யா எல்லாரும்! வயசானாப் போதுமா, புத்தி வேணாமா? முட்டி ஒடைஞ்சா எவன் தூக்குறது? உக்காருங்கன்னா உக்காருங்க!"

வண்டி முழுவதும் ஒரே தொப். டீச்சர் உட்கார்ந்தார். குமாஸ்தா உட்கார்ந்தார். போலீஸ்காரர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பெரிய அதிகாரி மேலாளரின் மடியில் உட்கார்ந்தார். வெளியே நடைபாதையில் நின்றவர்களும், காய்கறி வாங்கிக்கொண்டிருந்தவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்சந்தியில் நின்றது சிலை ஒன்றுதான். அதுவும் கொஞ்சம் யோசித்ததாகச் சொல்கிறார்கள்.

வண்டி நிமிர்ந்தது, கதவை மூடியது, பறந்தது. அதிகாரி எழுந்து சீட்டு மாறக்கூடத் தைரியமில்லாமல் மேலாளரின் மடியிலேயே வந்தார். டிப்போ கேட்டுக்குள் நுழைந்தபோது நேரம் சரியாக இருந்தது.

அப்போதுதான் பஞ்சுவுக்கு உறைத்தது. தன் வாயாலேயே தன்னைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டோம். அதுவும் பெரிய அதிகாரியை அதட்டி! இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றார். "தப்பா நினைக்காதீங்க சார். எனக்கு இந்தப் பழக்கமே கிடையாது. பூனையைக்கூட..."

அதிகாரியின் கண்கள் கலங்கியிருந்தன. "என்னை ஒரு ஆள் இப்படித் திட்டி நாப்பது வருஷம் ஆச்சுப்பா," என்றார். "ஆபீஸ்ல எல்லாரும் 'சரி சார்'ங்கிறாங்க. வீட்டுல, 'அப்பா பாத்து, அப்பா மெதுவா'ன்னு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தூக்கி வைக்கிறாங்க. இப்பதான் ஒரு மனுஷனா உக்காந்தேன்."

வண்டி தேறிவிட்டது, சந்தேகமில்லை. ஆனால் பஞ்சுவின் குரல் இல்லாமல் அது டிப்போ வந்து சேர்ந்திருக்காது என்பதிலும் சந்தேகமில்லை. மேலாளருக்கு உடனே ஒரு யோசனை வந்தது: குரலைப் பதிவு செய்து வண்டியில் வைத்துவிடலாம். வைத்தார்கள். மறுவாரம் அது கூரையிலிருந்து, "உக்காருங்கய்யா!" என்று கத்தியதும், "யாருய்யா நீ? எதிர்ல வந்து பேசு," என்று தையல்காரர் எழுந்தார். ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பல் டாக்டர் எழுந்தார். குமாஸ்தா அதற்குப் பதில் மனு எழுதக் காகிதம் கேட்டு எழுந்தார். வண்டி அன்று மத்தியானம் வரைக்கும் நகரவில்லை.

மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வண்டிக்கு ஓட்டுநர் வேண்டாம், அதட்டுநர் வேண்டும். முன்சீட்டு, பெரிய கண்ணாடி, அதே சம்பளம்.

பஞ்சு இப்போது காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று தொண்டையைச் செருமிப் பழகுகிறார். "இன்னும் கொஞ்சம் கோவமா," என்று மனைவி அடுப்படியிலிருந்து திருத்துகிறாள். "பால்காரன்கிட்டக் கடன் கேக்குற மாதிரி இருக்கு."

வண்டி வீட்டு வாசல்களில் நிற்கத்தான் செய்கிறது. அதற்கு பஞ்சு ஒன்றும் சொல்வதில்லை. இறங்கியாக வேண்டியவர் யார், சும்மா எழுகிறவர் யார் என்று அவருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சும்மா எழுகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். போன திங்கட்கிழமை கணக்கு டீச்சர், இறங்க வேண்டிய வேலை எதுவும் இல்லாத ஒரு வெட்டவெளியில், கைத்தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். வண்டி நின்றது. டீச்சர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நல்ல பாட்டுக் கேட்கப் போகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

"டீச்சர்..." என்று பஞ்சு தயங்கினார்.

"ம், ஆரம்பி," என்றார் டீச்சர். "நேத்து தையல்காரனைத் திட்டினியாமே, அதைவிட ஒரு பிடி கூடவே இருக்கட்டும்."